யாழ்ப்பாணம் "சஜித்துக்குப் போட்டது" என்று சொல்லலாமா? 2024 முடிவைத் தொகுதி தொகுதியாகப் படிப்பது

கைதடிப்பாலம்

கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன் நேற்று ஒரு வரைபடம் அனுப்பினான். 2024 ஜனாதிபதித் தேர்தல் முடிவு. அநுர முதலாவதாக வந்த பதினைந்து மாவட்டங்களுக்கு ஒரு நிறம், சஜித் முதலாவதாக வந்த ஏழு மாவட்டங்களுக்கு இன்னொரு நிறம். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல, நுவரெலியா, பதுளை இந்த ஏழும் ஒரே வண்ணத்தில் இருக்கின்றன. கீழே அவன் கேள்வி: "அண்ணா, அங்கே எல்லாரும் சஜித்துக்கே போட்டீர்களா?"

இல்லையடா என்று எழுதத் தொடங்கினேன். எழுத எழுத நீண்டு போனது. சரி, இந்த மன்றத்திலேயே போடுவோம் என்று வந்தேன்.

யாழ் தேர்தல் மாவட்டத்தின் முடிவு இது. சஜித் பிரேமதாச (சின்னம் தொலைபேசி) 121,177 (32.60%). தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரன் (சங்கு) 116,688 (31.39%). ரணில் விக்கிரமசிங்க (காஸ் சிலிண்டர்) 84,558 (22.75%). அநுர குமார திசாநாயக்க (திசைகாட்டி) 27,086 (7.29%). முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே 4,489 வாக்குகள். திருவிழாக் காலத்தில் நல்லூர் வீதியில் ஒரு மாலைப்பொழுதில் இதைவிடக் கூட்டம் நிற்கும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நாட்டில் யாருக்கும் பாதி வாக்கு கிடைக்காததால் இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. அதில் கடைசி வரை போட்டியில் நின்றவர்கள் அநுரவும் சஜித்தும். மற்ற எல்லாரும் முதல் எண்ணிக்கையோடு வெளியே. அப்படி வெளியே போனவர்களுக்கு நாடு முழுவதும் விழுந்தது செல்லுபடியான வாக்குகளில் கால்வாசி, 24.9%. யாழ் மாவட்டத்தில் அது 60.1%. அதாவது இங்கே பத்துப் பேர் வாக்களித்தார்கள் என்றால், அதில் ஆறு பேர் இறுதிப் போட்டியில் இல்லாத ஒருவருக்கே போட்டிருக்கிறார்கள். இந்த இடத்தை ஒரே வண்ணத்தில் பூசிவிட்டு "சஜித் மாவட்டம்" என்று எப்படி எழுதுவது?

தட்டிவான்

முதலாவதாக வந்தவர் வென்றவர். பள்ளிக்கூட ஓட்டப்போட்டியிலும் அப்படித்தான். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது, அண்ணை?

எண்சுவடி

தட்டிவான் தம்பி, ஓட்டப்போட்டியில் ஒவ்வொரு இல்லத்துக்கும் தனித்தனி வெற்றிக் கோடு வைத்து ஓட விடுவதில்லை. ஜனாதிபதித் தேர்தலில் முழு நாடும் ஒரே தொகுதி. மாவட்டத்தை வென்றாலும் ஒன்றும் கிடையாது, தோற்றாலும் ஒன்றும் கிடையாது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் முதலிடம் வந்தால் அநேகமாக அதன் முழுப் பங்கும் ஒருவருக்கே போய்விடும். இங்கே யாழ்ப்பாணத்தில் விழுந்த ஒரு வாக்குக்கும் மாத்தறையில் விழுந்த ஒரு வாக்குக்கும் ஒரே எடை. 22 தேர்தல் மாவட்டங்களும் 160 தேர்தல் தொகுதிகளும் எண்ணுவதற்கும் அறிவிப்பதற்கும் உள்ள வசதிதான்.

இது தெரிந்தும் தேர்தல் இரவில் நானும் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "நல்லூர் எப்போது வரும், உடுப்பிட்டி எப்போது வரும்" என்று காத்திருந்தவன்தான். அது ருசி. அந்த ருசியைக் கணக்கோடு கலக்கக்கூடாது, அவ்வளவே.

ஒழுங்கை

ஒரு சின்னக் கேள்வி. எங்கள் ஊர் வாக்களிப்பு நிலையத்தின் முடிவை மட்டும் தனியாக எங்கே பார்க்கலாம்? பக்கத்து ஒழுங்கையில் ஒருவர், எங்கள் வட்டாரம் முழுக்கச் சங்குக்குத்தான் என்று சத்தியம் செய்கிறார்.

எண்சுவடி

பார்க்க முடியாது. தேர்தல்கள் ஆணைக்குழு வெளியிடுவதில் ஆகச் சிறிய அலகு தேர்தல் தொகுதிதான். கோப்பாய் என்றால் முழுக் கோப்பாய்த் தொகுதிக்கும் ஒரு வரி. தபால் வாக்கும் தொகுதிக்குள் சேராது, மாவட்டத்துக்கு ஒரு தனி வரியாக வரும். உங்கள் ஊர் ஆசிரியரும் தாதியும் கிராம அலுவலரும் தபாலில் போட்டிருந்தால், அவர்கள் வாக்கு கோப்பாயிலும் இல்லை, நல்லூரிலும் இல்லை. அந்தத் தனி வரிக்குள் கிடக்கிறது.

வட்டாரக் கணக்கு வேண்டும் என்றால் உள்ளூராட்சித் தேர்தலைத்தான் பார்க்க வேண்டும். ஜனாதிபதித் தேர்தலில் பக்கத்து ஒழுங்கைக்காரர் என்ன சொன்னாலும் அது அவருடைய மதிப்பீடு. பொய் என்று நான் சொல்லவில்லை. பிடித்துக் காட்ட முடியாது என்கிறேன்.

முறிகண்டிக் கச்சான்

எல்லாரும் யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம் என்று எழுதுகிறீர்கள். அந்த 371,688 செல்லுபடியான வாக்குகளுக்குள் நாங்களும் இருக்கிறோம் என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லையே. கிளிநொச்சி 1984 இலேயே தனி நிர்வாக மாவட்டம் ஆகிவிட்டது. எங்களுக்குத் தனிக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) இருக்கிறது, தனி அரசாங்க அதிபர் இருக்கிறார். தேர்தல் வந்தால் மட்டும் பதினொரு தொகுதிகளில் பதினொன்றாவதாக யாழ் தேர்தல் மாவட்டத்தின் வாலில் கட்டிவிடுகிறார்கள். ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம். அதற்குப் பிறகு கிளிநொச்சி. முடிவு வாசிப்பவரும் ஒரு மூச்சு எடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார்.

குளத்து நீரை நம்பி வயல் செய்கிற குடியேற்றத் திட்டத்துக்காரர்களுக்கும் யாழ் நகரத்துக் கடைக்காரர்களுக்கும் ஒரே மனம் என்று யார் சொன்னது? "யாழ்ப்பாணத்தின் மனநிலை" என்று கட்டுரை எழுதுகிறவர்கள் முதலில் ஆனையிறவைத் தாண்டி வந்து பார்க்கட்டும்.

கைதடிப்பாலம்

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. தலைப்பிலேயே நான் அந்தப் பிழையை விட்டுவிட்டேன். வன்னியும் அப்படித்தான். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று மூன்று நிர்வாக மாவட்டங்கள், முடிவில் ஒரே பெயர். அங்கே சஜித் 95,422, ரணில் 52,573, அரியநேத்திரன் 36,377, அநுர 21,412. மன்னார்த் தீவு மீனவரும் வவுனியா தெற்குச் சிங்களக் கிராமத்து விவசாயியும் முள்ளிவாய்க்கால்காரரும் ஒரே கூட்டலுக்குள் இருக்கிறார்கள்.

பழைய இடாப்பு

வணக்கம் பிள்ளைகள். நான் பணியில் இருந்த காலத்தில் பல தேர்தல்களில் கடமை செய்தவன். விகிதம் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும்.

2005 ஜனாதிபதித் தேர்தல். யாழ் மாவட்டத்தில் ரணில் 70.20%, மகிந்த 25%. இதை மட்டும் ஒரு பிள்ளையிடம் கொடுத்தால் "யாழ்ப்பாணம் ரணிலை அள்ளி அணைத்தது" என்று எழுதிவிடும். ஆனால் வாக்காளர் இடாப்பில் இருந்த பெயர்கள் 701,938. வாக்களித்தவர்கள் 8,524. அதாவது 1.21%. அந்த 70 வீதம் என்பது 5,523 பேர். புலிகளின் பகிஷ்கரிப்பு அறிவிப்பு, பயம், வெறுப்பு, வீதிச் சோதனைகள், எல்லாம் சேர்ந்த நாள் அது. அந்தத் தேர்தலில் ரணில் தோற்றது நாடு முழுக்க 180,786 வாக்குகளால். வடக்கு வாக்களித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இருபது வருடமாகப் பேசுகிறோம். அந்த நாளின் உண்மையான "உள்ளூர் முடிவு" 1.21 என்பதுதான். 70.20 அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2010 இல் யாழ் மாவட்ட வாக்களிப்பு 25.66%. 2015 இல் 66.28%. "மக்கள் ஜனநாயகத்துக்குத் திரும்பினார்கள்" என்று அப்போது எழுதினார்கள். திரும்பினார்கள்தான், மறுக்கவில்லை. 185,132 பேர் 350,789 ஆனார்கள். ஆனால் கீழே இருந்த எண்ணும் மாறிவிட்டது. 2010 இடாப்பில் 721,359 பெயர்கள், 2015 இடாப்பில் 529,239. இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனவர்கள், இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள் என்று வருடக்கணக்காகக் கிடந்த பெயர்களை வெட்டியபோது விகிதம் தானாகவே ஏறியது. அதே வெட்டு யாழ் மாவட்டத்தின் பாராளுமன்ற ஆசனங்களையும் குறைத்தது. 2010 இல் ஒன்பது, 2015 இல் ஏழு, 2024 இல் ஆறு. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போய்ப் பெயரைப் பதியச் சோம்பல்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தட்டிவான்

ஐயா, 2005 வேறு கதை. 2024 இல் பகிஷ்கரிப்பும் இல்லை, பயமும் இல்லை.

பழைய இடாப்பு

பயம் இல்லை என்பது சரி. பகிஷ்கரிப்பு இல்லை என்பது பிழை, தம்பி. கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் கட்சி பகிஷ்கரிக்கச் சொல்லி ஊர் ஊராகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தது. நாடு 79.46% வாக்களித்தபோது யாழ் மாவட்டம் 66.93%. அந்த இடைவெளி முழுவதும் பகிஷ்கரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயர் இன்னும் இடாப்பில் கிடக்கிறது, கொழும்பில் வேலை செய்கிறவர்கள் வந்து போடுவதில்லை. ஆனாலும் கொஞ்சப் பேராவது வேண்டுமென்றே வீட்டில் இருந்திருப்பார்கள்.

நெல்லியடிச் சந்தி

நான் சங்குக்குப் போட்டவன், மறைக்கவில்லை. கைதடிப்பாலம் சொன்ன கணக்கில் ஒரு வரியை நான் சேர்க்கிறேன். 2010 இல் சிவாஜிலிங்கம் நின்றார், நாடு முழுக்க 9,662. 2019 இல் மீண்டும் நின்றார், 12,256. 2024 இல் தமிழ்ப் பொது வேட்பாளருக்கு 226,343. யாழ் மாவட்டத்தில் மட்டும் 116,688. இத்தனைக்கும் தமிழரசுக் கட்சி செப்டம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடி சஜித்துக்கு ஆதரவு என்று தீர்மானம் எடுத்தது. அதே கட்சியின் சிறீதரன் சங்கு மேடையில், சுமந்திரன் தொலைபேசி மேடையில். டக்ளஸ் தேவானந்தா காஸ் சிலிண்டரோடு. எல்லாருக்கும் இடையில் இந்த எண் வந்திருக்கிறது. 4,489 வாக்கில் நாங்கள் "தோற்றோம்" என்று எழுதினால் எழுதுங்கள். நான் வேறு மாதிரிப் படிக்கிறேன்.

வாவிமகள்

நெல்லியடி அண்ணா, யாழ்ப்பாணத்து எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் எப்படி? அரியநேத்திரன் எங்கள் மட்டக்களப்பு ஆள், எங்கள் மாவட்ட முன்னாள் எம்.பி. சொந்த மாவட்டத்தில் அவருக்கு எத்தனையாவது இடம் தெரியுமா? நான்காவது. சஜித் 139,110, ரணில் 91,132, அநுர 38,832, அரியநேத்திரன் 36,905. அநுரவுக்கும் கீழே, 11.58%. திருகோணமலையில் 18,524, அதுவும் நான்காம் இடம். அவருடைய மொத்த வாக்கில் பாதிக்கு மேல் உங்கள் ஒரு மாவட்டத்தில் விழுந்தது. "தமிழர்களின் பொது" என்றால் எங்களிடமும் கேட்டிருக்க வேண்டும் இல்லையா?

காரணம் தெரியாமல் சொல்லவில்லை. இங்கே காத்தான்குடி, ஓட்டமாவடி என்று முஸ்லிம் ஊர்கள் இருக்கின்றன, அவர்களுடைய பெரிய கட்சிகள் சஜித்தோடு நின்றன. அதனால் மாவட்ட விகிதத்தை யாழ் மாவட்டத்தோடு நேரே ஒப்பிடுவது சரியில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரணிலின் 91 ஆயிரத்தில் தமிழர் வாக்கு எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? பிள்ளையானின் கட்சி அவருக்காக வேலை செய்தது. வீதி, பாலம், வேலைவாய்ப்பு என்று பேசினார்கள். எங்கள் வீட்டிலேயே அம்மா தொலைபேசி, அப்பா சிலிண்டர், நான் சொல்ல மாட்டேன்.

நெல்லியடிச் சந்தி

நீங்கள் சொல்வது வலிக்கிறது, ஆனால் உண்மை, தங்கச்சி. கிழக்கில் எங்கள் ஆட்கள் கடைசி மூன்று கிழமையில்தான் இறங்கினார்கள் என்று நினைக்கிறேன். அது போதவில்லை.

வாவிமகள்

மூன்று கிழமைப் பிரச்சினை இல்லை அண்ணா, முப்பது வருடப் பிரச்சினை. அதை வேறு இழையில் பேசுவோம்.

கொழுந்துக்கூடை

தலவாக்கலையிலிருந்து. எங்களையும் அந்த ஒரே வண்ணத்துக்குள் போட்டிருக்கிறார்கள் என்பதால் வருகிறேன். நுவரெலியா மாவட்டம்: சஜித் 201,814 (42.58%), ரணில் 138,619 (29.25%), அநுர 105,057 (22.17%). "மலையகம் சஜித்துக்கு" என்று தலைப்பு வந்தது.

இந்த மாவட்டத்தில் நான்கு தொகுதிகள். நுவரெலியா-மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை. முதலாவது இலங்கையிலேயே வாக்காளர் தொகை ஆகக் கூடிய தொகுதி. லயத்துக்காரர்களில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில், பெரும்பாலோர் அதற்குள்தான். மற்ற மூன்றில் சிங்களக் கிராமங்கள் அதிகம். ஆகவே மாவட்ட எண்ணை வைத்துத் தோட்டத்து மனதைப் படிப்பவர், பாதி நேரம் கண்டிய விவசாயியின் மனதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

தோட்டத்துக்குள்ளும் ஒரே மனம் இல்லை. மனோ கணேசன், திகாம்பரம், இராதாகிருஷ்ணன் அணி சஜித்தோடு. தொண்டமான் வழிவந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலோடு. அந்த வருடம் மே தினத்தில் ரணில் கொட்டகலைக்கு வந்து நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று மேடையில் அறிவித்தார். 1,000 வாங்கிக்கொண்டிருந்த சனத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். பிறகு கம்பனிகள் நீதிமன்றம் போயின, தேர்தல் நெருங்க 1,350 என்றும் மேலதிகமாகப் பறித்தால் மிச்சம் என்றும் ஆனது. எங்கள் லயத்தில் பாதிப் பேர் "அறிவித்தாரே" என்று சிலிண்டருக்குப் போட்டார்கள். மீதிப் பேர் "கையில் வந்ததா?" என்று போடவில்லை. ஒரே சம்பளத் துண்டு, இரண்டு வாசிப்பு. இதை எந்த வண்ணத்தில் பூசுவீர்கள்?

ஒழுங்கை

கொழுந்துக்கூடை, இந்தக் கடைசிப் பந்தியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்.

மரப்பெட்டி

செல்லாத வாக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன். நான் எண்ணும் கடமையில் இருந்தவன். உள்ளே கண்டதைச் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. வெளியான எண்ணையும் விதியையும் மட்டும் சொல்கிறேன்.

நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்டவை 300,300. அளிக்கப்பட்ட வாக்குகளில் 2.2%. யாழ் மாவட்டத்தில் 25,353, அதாவது 6.39%. நாட்டு அளவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சஜித்துக்கும் அரியநேத்திரனுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைவிட ஐந்து மடங்குக்கும் மேல். அநுர யாழ் மாவட்டத்தில் எடுத்ததற்குக் கிட்டத்தட்டச் சமம். "செல்லாத வாக்கு" ஒரு வேட்பாளராக நின்றிருந்தால், 39 பெயர் கொண்ட அந்த நீளச் சீட்டில் ஐந்தாம் இடம் பிடித்திருக்கும்.

ஏன் செல்லாமல் போகிறது? இது விருப்புவாக்கு முறை. ஒருவருக்கு மட்டும் என்றால் 1 போடலாம், புள்ளடியும் போடலாம். இரண்டாம் மூன்றாம் விருப்பமும் தருவதானால் 1, 2, 3 என்று இலக்கம் எழுத வேண்டும். இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டால் செல்லாது. 1 இல்லாமல் 2 மட்டும் போட்டால் செல்லாது. ஆளை அடையாளம் காட்டும் எழுத்து இருந்தால் செல்லாது. பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கும், மூன்று பேர் வரையில் அவர்களுடைய விருப்பு இலக்கத்துக்கும் புள்ளடி போட்டுப் பழகிய கை, இங்கே வந்து தடுமாறும். அதோடு, வேண்டுமென்றே கெடுப்பவர்களும் எல்லாத் தேர்தலிலும் இருக்கிறார்கள். எண்ணிலிருந்து எது தவறு, எது கோபம் என்று பிரிக்க முடியாது. அதனால்தான் "அந்த 25 ஆயிரமும் பகிஷ்கரிப்பு வாக்கு" என்று முழங்குகிறவர்களையும் நான் நம்புவதில்லை, "எங்கள் சனத்துக்குப் போடத் தெரியவில்லை" என்று சலிப்பவர்களையும் நம்புவதில்லை.

எண்சுவடி

மரப்பெட்டி ஐயா விருப்புவாக்கைத் தொட்டதால், இந்த இழையின் முதல் கேள்விக்கே திரும்ப முடிகிறது. 1982 முதல் நடந்த ஒரு ஜனாதிபதித் தேர்தலும் இரண்டாம் எண்ணிக்கைக்குப் போனதில்லை. 2024 தான் முதல் தடவை. அநுர முதலில் 5,634,915 (42.31%), சஜித் 4,363,035 (32.76%). யாருக்கும் பாதி இல்லை. ஆகவே மற்ற எல்லாருடைய வாக்குச்சீட்டையும் எடுத்து, 2 இந்த இருவரில் ஒருவருக்கு இருக்கிறதா, இல்லையென்றால் 3 இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

அப்படிப் பார்த்த சீட்டுகள் 33 இலட்சத்துக்கும் மேல். சரியாகச் சொன்னால் 3,321,666. அதிலிருந்து அநுரவுக்குச் சேர்ந்தது 105,264, சஜித்துக்கு 167,867. கூட்டினால் 273,131. நூற்றுக்கு எட்டுப் பேர்தான் பயன்படும் இரண்டாம் அல்லது மூன்றாம் விருப்பம் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் 92 சீட்டுகள் அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டன.

இந்த முறையில் ஆகக் கூடிய பலம் கையில் இருந்தது யாருக்கு? கைதடிப்பாலம் சொன்ன அந்த 60 வீதத்துக்கு. யாழ் மாவட்டத்தில் 223,425 பேர் வெளியேறிய வேட்பாளர்களுக்குப் போட்டவர்கள். முதலாவதை மனம்போலப் போட்டுவிட்டு, இரண்டாவதால் "இவரா அவரா" என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டு வாய் இருந்தது, ஒன்றால் மட்டும் பேசினோம்.

நெல்லியடிச் சந்தி

அது வேண்டுமென்றே செய்தது. சங்குக்கு 1 போட்டுவிட்டுத் தென்னிலங்கை வேட்பாளர் ஒருவருக்கு 2 போட்டால், பிறகு சங்கு எதற்கு? இரண்டு பேரும் எங்களுக்கு ஒன்றுதான் என்று காட்டுவதுதான் அந்த வாக்கின் அர்த்தமே. எங்கள் சந்திக் கூட்டத்தில் இதை வைத்து ஒரு மணிநேரம் சண்டை நடந்தது. கடைசியில் "ஒன்றோடு நிறுத்து" என்றவர்கள் பக்கம்தான் கைதட்டல்.

எண்சுவடி

உங்கள் காரணம் புரிகிறது. சிலிண்டருக்குப் போட்ட 84,558 பேருக்கு அந்தக் காரணம் கிடையாது, அவர்களும் போட்டதாகத் தெரியவில்லை. நாடு முழுக்க ரணிலுக்கு 2,299,767. அவர்களில் அரைவாசிப் பேர் 2 போட்டிருந்தாலே மேலே சொன்ன கூட்டுத்தொகை நான்கு மடங்குக்கு மேல் வந்திருக்கும். எனக்கு இது கொள்கையைவிடப் பழக்கத்தின் விளையாட்டு என்றே படுகிறது. நாற்பது வருடமாக ஒருவரும் எண்ணாத 2 ஐ யார் எழுதுவார்கள்?

தட்டிவான்

எல்லாம் சரி. ஆனால் உண்மையான மாற்றத்தை ஒருவரும் சொல்லவில்லை. 2019 இல் அநுர யாழ் மாவட்டத்தில் எடுத்தது 1,375. 2024 செப்டம்பரில் 27,086. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் திசைகாட்டி 80,830 எடுத்து முதலிடம், ஆறில் மூன்று ஆசனம். யாழ்ப்பாணத்தைத் தேசிய மக்கள் சக்தி வென்றுவிட்டது! இதற்கும் ஏதாவது நொட்டை சொல்வீர்களா?

கைதடிப்பாலம்

சொல்வேன் தம்பி, கோபிக்காதே. 80,830 என்பது 24.85%. நாலில் ஒருவர். தமிழரசு 63,327, பிறகு கஜேந்திரகுமாரின் தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சைக் குழு 17 என்று இருபத்தேழு இருபத்தெட்டு ஆயிரங்கள், அதற்குக் கீழே சில்லறையாக எத்தனையோ அணிகள். வாக்குச் சிதறியபோது முதலாவதாக வந்தவருக்குப் போனஸ் ஆசனமும் போனது. கால்வாசி வாக்கில் பாதி ஆசனம். செப்டம்பரில் 32.60% ஐ வைத்து "சஜித் கோட்டை" என்று எழுதியவர்கள் செய்த அதே பிழையை நவம்பரில் 24.85% ஐ வைத்து நீ செய்கிறாய்.

ஆனால் எட்டுக் கிழமைக்குள் 27 ஆயிரம் 80 ஆயிரம் ஆனது பெரிய விஷயம்தான், அதை மறுக்க நான் பைத்தியக்காரன் இல்லை. 2019 இல் சஜித் யாழ் மாவட்டத்தில் எடுத்தது 312,722, அதாவது 83.86%. கோட்டாபய 23,261. அதுதான் உண்மையிலேயே ஒரு மாவட்டம் ஒரு பக்கம் சாய்ந்த தேர்தல், அதுவும் சஜித் மீதான காதலால் அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். ஐந்து வருடத்தில் அவருக்கு அதில் 191,545 வாக்குகள் இல்லாமல் போயின. வரைபடத்தில் இரண்டு தேர்தலிலும் அதே நிறம்! சித்தப்பா மகனுக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

பழைய இடாப்பு

அதற்குப் பிறகு 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கில் பல சபைகளில் தமிழரசு மறுபடியும் முன்னுக்கு வந்தது. எட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், மூன்று வெவ்வேறு முதலிடங்கள். எங்கள் சனம் ஒவ்வொரு வாக்குச்சீட்டுக்கும் ஒவ்வொரு வேலை கொடுக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

தட்டிவான்

சரி ஐயா, "வென்றது" என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். "முதலாவதாக வந்தது" என்று போடலாமா? அதற்கும் வழக்குப் போடுவீர்களோ?

எண்சுவடி

அதற்கு அனுமதி உண்டு.

கைதடிப்பாலம்

அவனுக்கு வரைபடத்துக்குப் பதிலாக ஓர் அட்டவணை செய்து அனுப்பினேன். 2005 முதல் ஐந்து ஜனாதிபதித் தேர்தல்கள், இடாப்பில் உள்ளவர்கள், வாக்களித்தவர்கள், செல்லாதவை, முதல் நான்கு பேர். பார்த்துவிட்டு அவன் கேட்டது: "அப்ப கடைசியில் யாழ்ப்பாணம் யாருக்குத்தான் போட்டது?" மறுபடி முதலிலிருந்து.

முறிகண்டிக் கச்சான்

அட்டவணையில் கிளிநொச்சிக்குத் தனி வரி இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கைதடிப்பாலம்

இருக்கிறது அக்கா. உங்கள் தொகுதிக்குத் தனி வரி போட்டேன். 2005 க்கான கட்டத்தில் எண்ணை எழுதிவிட்டு, தட்டச்சுப் பிழையோ என்று அவன் கேட்பான் என்பதால் பக்கத்தில் ஒரு குறிப்பும் வைத்தேன். இடாப்பில் எண்பத்தொன்பதாயிரத்துக்கு மேல் பெயர்கள், விழுந்த வாக்கு ஒன்று.

முறிகண்டிக் கச்சான்

பிழை இல்லை. ஒன்றுதான். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் பகுதிக்காரர்கள் எல்லையைத் தாண்டி முகமாலைப் பக்கம் போய்த்தான் போட வேண்டியிருந்தது. அந்த ஓராள் யார் என்று தேநீர்க் கடையில் இன்றைக்கும் ஊகம் நடக்கிறது. ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.